பங்கு உண்டு, பட்டா எங்கே?

நம் நாட்டில் முஸ்லிம் பெண்களின் உரிமை குறித்த பொது விவாதம் பெரும்பாலும் மணவிலக்கு, ஜீவனாம்சம், பலதார மணம், உடை ஆகியவற்றைச் சுற்றியே நடைபெற்று வந்திருக்கிறது. 1985-இல் ஷா பானு வழக்கு. 2017-இல் முத்தலாக் செல்லாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு. 2019-இல் அதைக் குற்றமாக்கிய சட்டம். மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு. 2025 ஜனவரியில் உத்தரகண்ட் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம் என்று அந்த விவாதத்தின் திருப்பங்களை வரிசைப்படுத்தலாம்.

இவை அனைத்தும் முக்கியமானவை. எனினும், கணவன் கைவிட்ட பின் ஒரு பெண் எப்படி வாழ்வாள் என்று கவலைப்படும் நாம், கைவிடப்படுவதற்கு முன்பு அவள் பெயரில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது. இஸ்லாம் பெண்ணுக்கு வழங்கிய உரிமைகளுள் மிகத் தெளிவாக, பின்னக் கணக்கோடு வரையறுக்கப்பட்டது சொத்துரிமை. நடைமுறையில் மிகுதியாகக் கைநழுவிப் போவதும் அதுவே.

குர்ஆனின் நான்காம் அத்தியாயத்துக்குப் 'பெண்கள்' என்றே பெயர். பெற்றோரும் உறவினரும் விட்டுச் செல்லும் சொத்தில் ஆணுக்கு உள்ளதைப் போலவே பெண்ணுக்கும் பங்கு உண்டு என்பதை அந்த அத்தியாயம் விதியாக்குகிறது. மகள், மனைவி, தாய் என ஒவ்வொருவரின் பங்கும் அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. மணக்கொடையான மஹர் மணமகளுக்கே உரியது. அவள் ஈட்டிய பொருளும் அவளுக்கே உரியது. மணமான பின்னும் அவளது சொத்து கணவனின் சொத்தோடு கலந்துவிடுவதில்லை. இவை அனைத்தும் ஏழாம் நூற்றாண்டின் விதிகள்.

மற்றச் சமூகங்களின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் முழுமையாகச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது. செங்கல்பட்டில் 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இந்து மகளுக்குத் தந்தையின் சொத்தில் வாரிசுரிமை 1956-இல் வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்தது. இந்த ஒப்பீட்டைப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. முந்தி வந்த உரிமை முந்தி நிறைவேறவில்லையே, ஏன் என்று கேட்பதற்காகவே சொல்கிறேன்.

உரிமை நிறைவேறிய காலங்களும் இருந்தன. நபிகளாரின் முதல் துணைவியார் கதீஜா தம் சொந்த முதலீட்டில் வணிகம் நடத்தியவர். உதுமானியப் பேரரசின் நீதிமன்றப் பதிவேடுகளில் பெண்கள் தாங்களே நேரில் வந்து நிலம் விற்றதும், வாங்கியதும், பங்கு கேட்டு உடன்பிறந்தோர் மீது வழக்குத் தொடுத்ததும் பதிவாகியிருக்கின்றன. இஸ்தான்புல் நகரின் 1546-ஆம் ஆண்டு வக்ஃபு பதிவேட்டில், அறக்கட்டளை நிறுவியவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் பெண்கள். சொத்து உடையவரே தானம் செய்ய முடியும் என்பதால், அந்தப் பதிவேடு பெண்களின் சொத்துடைமைக்கும் சான்றாகிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டு இறக்கிறார். வீடும் நிலமுமாக 48 லட்சம் ரூபாய் சொத்து இருக்கிறது என்று கொள்வோம். கடனும் அடக்கச் செலவும் கழிந்த பின் எஞ்சிய தொகை இது. ஷரீஅத் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 6 லட்சம். மீதமுள்ள 42 லட்சத்தில் மகனுக்கு 21 லட்சம். மகள்களுக்குத் தலா பத்தரை லட்சம். ஆக, பெண்கள் மூவருக்கும் சேர்த்து 27 லட்சம். மொத்தச் சொத்தில் பாதிக்கு மேல்.

பல குடும்பங்களில் இதற்கு அடுத்து நடப்பது என்ன? சில வாரங்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாகிறது. தாயும் மகள்களும் தங்கள் பங்கை மகனுக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுகிறார்கள். குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்கு அரசு கட்டணச் சலுகையும் தருகிறது. 21 லட்சத்துக்கு உரியவர் 48 லட்சத்துக்கும் உரிமையாளர் ஆகிறார். பட்டா அவர் பெயருக்கு மாறுகிறது. மார்க்கம் பங்கு கொடுத்தது. மரபு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

அறியாமையால்தான் பெண்கள் கையொப்பமிடுகிறார்கள் என்று கருதுவது தவறு. அவர்களுடைய கணக்கு வேறு. நாளை கணவன் கைவிட்டாலோ, நோயில் விழுந்தாலோ, மகளுக்கு மணம் பேசினாலோ போய் நிற்பதற்குப் பிறந்த வீடு வேண்டும். பங்கைக் கேட்டால் அந்த வாசல் மூடிக்கொள்ளும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. பிறந்தகத்து உறவு என்ற காப்பீட்டுக்கு அவர்கள் செலுத்தும் தவணைத் தொகைதான் அந்தப் பங்கு. வங்கதேச கிராமங்களில் மணமான பெண் பிறந்த வீட்டுக்கு வந்து தங்கிப் போவதை 'நாயோர்' என்பார்கள். அந்த உரிமைக்கு ஈடாகவே அங்கும் சகோதரிகள் பங்கை விடுகிறார்கள். ராஜஸ்தானத்து இந்துக் குடும்பங்களில் இதற்கு 'ஹக் தியாக்' என்று பெயரே உண்டு. தமிழகத்திலும் சமய வேறுபாடின்றி இது நடைபெறுகிறது. இந்த நோயைத் தனியொரு சமயத்தின் நோயாகக் காட்டுவது நியாயமும் அன்று, உண்மையும் அன்று.

'உன் பங்கைத்தான் கல்யாணத்தில் நகையாகப் போட்டாயிற்றே' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மற்றொரு வாதம். தந்தை உயிரோடு இருக்கும்போது மகளுக்கு வாரிசுப் பங்கு எதுவும் பிறந்திருக்கவில்லை. பிறக்காத பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தருவது முஸ்லிம் சட்டப்படி பொதுவாகச் செல்லாது. அதுபோலவே உயில் எழுதியும் மகளை முற்றாக விலக்கிவிட முடியாது. சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத அனுமதி இல்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்து முழுவதையும் மகனுக்கே உயில் எழுதிவைக்க இந்து வாரிசுரிமைச் சட்டம் இடம் தருவதை நினைத்துப் பார்த்தால், மகளுக்கு ஷரீஅத் தரும் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு வலிமையானது என்பது புரியும்.

சட்டமியற்றியவர்களும் பெண்ணுக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள். வட்டார வழக்கங்களின் பெயரால் முஸ்லிம் பெண்களின் பங்கு மறுக்கப்பட்டதைத் தடுக்கவே 1937-இல் ஷரீஅத் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், அதன் இரண்டாவது பிரிவு வேளாண் நிலத்துக்கு விலக்கு அளித்தது. நாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி நிலமாகவே இருந்த காலத்தில், நிலம் நீங்கலாகச் சொத்துரிமை என்றால் எஞ்சுவது என்ன? சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. உத்தரப் பிரதேசத்திலோ ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வகுத்த வாரிசு வரிசையில் மகன்கள் முன்னே நிற்க, மணமான மகள்கள் எந்தச் சமயத்தவராயினும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் மாநில நில உச்சவரம்பு, குத்தகைச் சட்டங்களுக்கு இடம் தந்த விலக்கு 2005 வரை நீடித்தது. இவற்றின் மொத்த விளைவை 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் காணலாம். நாட்டின் சாகுபடிக் கைப்பற்று நிலங்களுள் பெண்கள் நடத்துபவை 13.96 விழுக்காடு மட்டுமே, பரப்பளவில் 11.72 விழுக்காடு.

இதற்கும் தேசத்தின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முதலாவது தொடர்பு கடன். வங்கியில் தொழில் கடன் கேட்கும் பெண்ணிடம் ஈடு என்ன என்று கேட்கிறார்கள். பத்தரை லட்சம் மதிப்புள்ள பங்கு அவள் பெயரில் இருந்திருந்தால், வீட்டில் நடத்தும் தையற்கூடத்தை நான்கு பேருக்கு வேலை தரும் நிறுவனமாக அவளால் வளர்த்திருக்க முடியும். அது இல்லாதபோது மிஞ்சுவது குழுக் கடனும் நகைக் கடனும்தான். முஸ்லிம் பெண்களில் கணிசமானோர் வீட்டிலிருந்தபடியே குறைந்த கூலிக்குப் பணிபுரிகிறார்கள் என்று 2006-இல் சச்சார் குழு சுட்டிக்காட்டியது. அந்த நிலைக்குத் திரையும் கட்டுப்பாடும் மட்டுமே காரணம் அல்ல. முதல் இன்மையும் காரணம்.

இரண்டாவது தொடர்பு பாதுகாப்பு. பொருளாதார அறிஞர் பினா அகர்வால், பிரதீப் பாண்டாவுடன் இணைந்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. நிலமோ வீடோ இல்லாத மணமான பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனின் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலமும் வீடும் தம் பெயரில் உடையவர்களிடையே அது 7 விழுக்காடாக இருந்தது. போக வேறு இடம் உண்டு என்ற நிலையே அடிக்கும் கையைத் தடுக்கிறது. அடிபடாத பெண்ணே வேலைக்குச் செல்ல முடியும். பிள்ளைகளின் படிப்பில் கருத்துச் செலுத்த முடியும்.

மூன்றாவது தொடர்பு அடுத்த தலைமுறை. பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலக் கதை 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான் முதலில் அச்சாயிற்று. அவர் 1911-இல் கொல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியருக்கான பள்ளியைத் தொடங்கியது, கணவர் அதற்கென ஒதுக்கிவைத்த பணத்தைக் கொண்டு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக 1920-இல் அமர்ந்தவர் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம். பொருளைத் தன் விருப்பப்படி செலவிட முடிந்த பெண் கல்விக்கே வழி திறந்தாள் என்பதை இவர்கள் காட்டினார்கள்.

முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளின் அனுபவமும் கவனத்துக்குரியது. வங்கதேசத்தில் 1983-இல் வங்கியாக உருவெடுத்த கிராமீன் வங்கியில் கடன் பெறுவோர் பெரும்பாலும் பெண்களே. 1994-இல் கிராமப்புறப் பெண்குழந்தைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை நாடு முழுவதும் வழங்கப்பட்டது. லட்சக்கணக்கான பெண்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தனர். 1970-களில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல் என்றிருந்த சராசரி இன்று ஏறத்தாழ இரண்டாகக் குறைந்திருக்கிறது. பெண்களின் உழைப்பே அந்த நாட்டின் ஏற்றுமதியைத் தாங்குகிறது. ஆனால், 2013-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டபோது, கூலி மட்டுமே உள்ள வாழ்க்கையின் நொய்மையும் வெளிப்பட்டது. விரிசல் விட்ட கட்டடத்துக்குள் போக மாட்டேன் என்று சொல்லும் துணிவு, அந்த மாதச் சம்பளம் இல்லாவிட்டாலும் பிழைக்க வழி உள்ளவருக்கே வரும்.

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்கள் ஆழ்ந்த இஸ்லாமியப் பற்றுடையவர்கள். அவர்களிடையே பரம்பரை நிலமும் வீடும் தாய்வழியில் மகள்களைச் சேர்கின்றன. சுயமாகச் சம்பாதித்தவை இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பிரிக்கப்படுகின்றன. இதன் சாயலைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் மனைவி வீட்டில் வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். அங்கே மருமகள் அயல் வீட்டில் அடைக்கலம் புகுந்தவள் அல்லள், வீட்டுக்கு உரியவள். இந்த வழக்கத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டித்தர முடியாத ஏழைத் தந்தைக்கு அது வரதட்சிணையைப் போலவே சுமையாகிவிடுகிறது. ஆனாலும், பெண்ணின் பெயரில் சொத்து இருப்பது இஸ்லாமிய வாழ்வுக்கு அந்நியமானது என்ற எண்ணம் தவறு என்பதை நிறுவ இந்த ஊர்களே போதும்.

மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு என்ற விதி பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. குடும்பத்தைப் பேணும் கடமை முழுவதும் ஆணுக்கு உரியது, பெண்ணின் பொருளில் யாருக்கும் பங்கில்லை, ஆகவே இது சமநிலையே என்பது மரபான விளக்கம். அந்தக் கடமை நிறைவேறும் குடும்பத்தில் அவ்விளக்கம் பொருந்தும். தாயையும் விதவைச் சகோதரியையும் பேணாத மகனுக்கு இரட்டைப் பங்கு மட்டும் எப்படி நியாயமாகும் என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. மகள்கள் மட்டுமே உள்ளவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய உடன்பிறந்தார் போன்றோருக்குச் செல்வதும் விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த வழக்குரைஞரும் நடிகருமான சி. சுக்கூர், தம் மூன்று மகள்களுக்கே முழுச் சொத்தும் சேர வேண்டும் என்பதற்காக 2023 மார்ச் 8 அன்று தம் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மீண்டும் மணந்துகொண்டார். சட்டத்துக்குள்ளேயே வேறொரு வழியும் உண்டு. வாழும் காலத்தில் ஹிபா எனும் கொடையாகப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கத் தடையில்லை. கொடையில் பிள்ளைகளிடையே நீதி காட்ட வேண்டும் என்பதும் நபிமொழியின் அறிவுறுத்தலே.

பாதியா, சமமா என்ற விவாதம் தொடரட்டும். ஆனால், அந்தப் பாதியும் கைக்கு வராத நிலையில் முழுமையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் வசதியாக இருக்கிறது. பொது சிவில் சட்டம் கோருவோர், இந்துச் சகோதரிகளும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுவதை மறந்துவிடுகிறார்கள். ஷரீஅத்தைக் காக்கப் புறப்படுவோர், அதன் வாரிசுச் சட்டம் தங்கள் வீடுகளிலேயே மீறப்படுவதைப் பேசுவதில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. ஜோர்டான் நாட்டில் 2010-இல் வந்த தனிநபர் சட்டத்தைத் தொடர்ந்து, ஒருவர் இறந்து மூன்று மாதம் கழியும்வரை வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்வதற்குப் பொதுவாகத் தடை விதிக்கப்பட்டது. துக்கத்தின் அழுத்தத்தில் கையொப்பம் வாங்கப்படுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். பாகிஸ்தான் 2011-இல் பெண்ணின் வாரிசுப் பங்கை ஏமாற்றிப் பறிப்பதை, ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தண்டனையைக் காட்டிலும் காத்திருப்புக் காலமே நமக்குப் பொருத்தமானது என்று தோன்றுகிறது. அண்ணனைச் சிறைக்கு அனுப்ப எந்தத் தங்கை புகார் தருவாள்?

தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரப் பதிவுக்கு, எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவாக, இத்தகைய காத்திருப்புக் காலத்தை விதிக்கலாம். பதிவுக்கு முன் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, அவளது பங்கின் அளவையும் வழிகாட்டி மதிப்பையும் சார்பதிவாளர் எடுத்துச் சொல்ல வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வழங்கப்பட்டவுடன், யாரும் மனு தராமலேயே அனைத்து வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற வழிசெய்ய வேண்டும். இன்று பங்கு கேட்கும் பெண் வழக்குக்காரியாகப் பார்க்கப்படுகிறாள். பட்டாவில் முன்கூட்டியே பெயர் இருந்தால், அதை நீக்கக் கேட்பவரே காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கும் சலுகையைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் வழங்குகிறது. நல்ல தொடக்கம். மகளுக்கு எழுதப்படும் கொடைக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கும் தனிச் சலுகை தந்தால் அதன் பயன் பன்மடங்காகும். சமய வாரியாகவும் பாலின வாரியாகவும் சொத்துடைமைத் தரவுகளைத் தொகுப்பதும் அவசியம். வேளாண் கணக்கெடுப்பில் இப்போது சமய வாரியான பகுப்பு இல்லை.

ஜமாஅத்துகளின் பொறுப்பும் பெரிது. நிக்காஹ் பதிவேட்டில் மஹர் பெயரளவுக்குச் சிறு தொகையாக எழுதப்பட, மணமகன் வீட்டுக்குச் செல்லும் வரதட்சிணையோ எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறுவதில்லை. மஹரை மணமகளின் பெயரில் நிலமாகவோ வைப்புத் தொகையாகவோ வழங்க ஜமாஅத் வலியுறுத்தினால், அதுவே அவளது முதல் சொத்தாகும். ஒருவர் இறந்தால் நாற்பது நாள்களுக்குள் பங்குக் கணக்கை எழுதி வாரிசுகள் அனைவர் முன்னும் வாசிப்பதை வழக்கமாக்கலாம். அந்த அவையில் பெண்களும் அமர வேண்டும். ஆண்கள் மட்டுமே கூடிப் பெண்ணின் வழக்கைத் தீர்க்கும் முறைக்கு மாற்றாகப் புதுக்கோட்டையில் ஷரிஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அந்தக் குரலைப் பகையாகக் கருதாமல் உள்ளே அழைத்துக் கேட்பதே நலம்.

தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ஏறத்தாழ 83 விழுக்காடாக, மாநிலச் சராசரியான 73.5-ஐ விஞ்சி நின்றது. இன்று கல்லூரிகளில் ஹிஜாப் அணிந்த மாணவியர் இல்லாத வகுப்பு அரிது. நாடு முழுவதும் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18-இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24-இல் 41.7 விழுக்காடாக உயர்ந்திருப்பதாக அரசின் ஆய்வு தெரிவிக்கிறது. கல்வி வந்துவிட்டது, வேலையும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அடித்தளமாக இருக்க வேண்டிய உடைமைதான் இன்னும் வரவில்லை. அதற்காகப் புதிதாக ஓர் உரிமையைக் கோர வேண்டியதில்லை. பதினான்கு நூற்றாண்டுகளாக நிலுவையில் இருக்கும் பாக்கியைக் கொடுத்துத் தீர்த்தால் போதும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)